மேட்டில் மூச்சு வாங்கும் டூ ஸ்ட்ரோக்

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பாதையில் பழைய டூ ஸ்ட்ரோக் பைக் ஒன்றின் பின்னால் போயிருந்தால் உங்களுக்குத் தெரியும். நீலப் புகை, தொண்டை அடைத்தது போன்ற சத்தம், இரண்டு வளைவுக்கு ஒரு கியர் குறையும். டவுனுக்கு வந்து சேர்ந்ததும் வண்டிக்காரர் நேரே கராஜுக்குப் போய், "எஞ்சின் போயிருச்சு பாஸ், போர் பண்ணணும் போல இருக்கு" என்பார். போர் பண்ணுவது என்றால் தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்குவது. அதற்கு பிஸ்டன், ரிங், லேத் கூலி என்று ஒரு தொகை போகும். அதற்குப் பிறகும் அதே மேட்டில் அதே முனகல் என்றால் வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான்.

என்னுடையதும் அப்படிப் போயிருக்க வேண்டியது. மாமா ஓட்டி முடித்து, லயத்துப் பின்பக்கம் தகரத்துக்கு அடியில் பல வருடம் கிடந்த சுசுக்கி ஏஎக்ஸ் 100. அதை எழுப்பப் போய் நான் கற்றுக்கொண்டவற்றில் முக்கியமானது ஒன்றுதான்: டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது என்பது. அது பிடிபட்டுவிட்டால் பழுது எங்கே என்று தேடுவது பாதி முடிந்த மாதிரி. ஸ்பேனர் பிடித்துப் பழகாதவருக்கும் விளங்கும், பயப்பட வேண்டாம்.

அடியில் ஒரு பம்ப்

இப்போது ரோட்டில் ஓடும் பைக்குகள் பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக். அவற்றில் வால்வுகள் திறந்து காற்றை உள்ளே விடும், மூடி அடைக்கும், மறுபடி திறந்து புகையை வெளியே விடும். அடியில் ஓயில் தேங்கி நிற்கும். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டுதான் கிராங்க். அது இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவை வெடிக்கும்.

டூ ஸ்ட்ரோக்கில் தலைப் பக்கம் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள் இருக்கின்றன, போர்ட் என்பார்கள். மேலும் கீழும் போகிற பிஸ்டனே அவற்றை மூடித் திறக்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது, அதற்குக் கீழே கிராங்க் சுழலும் பெட்டிக்குள் இடம் கூடி அமுக்கம் குறைகிறது. உடனே காபரேட்டர் வழியாகப் பெட்ரோல் கலந்த காற்று அந்தப் பெட்டிக்குள் இழுபடுகிறது. அதே நேரத்தில் பிஸ்டனுக்கு மேலே, முன்பே வந்து நிற்கும் கலவை நசுங்கிக்கொண்டிருக்கும். பிளக் பொறி விட்டதும் அது வெடித்து பிஸ்டனைக் கீழே தள்ளும். இறங்கும் வழியில் முதலில் புகை போகும் போர்ட் திறக்கும். இன்னும் சற்று இறங்கியதும் பக்கவாட்டில் உள்ள டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் திறக்கும். கீழே பெட்டிக்குள் சிக்கிய புதுக் கலவையை இறங்குகிற பிஸ்டன் இதற்குள் அமுக்கி வைத்திருக்கும் அல்லவா, அது அந்த வழியாக மேலே பீறிட்டு, எரிந்த புகையை வெளியே தள்ளிவிட்டு சிலிண்டரை நிரப்பும். கிராங்க் ஒரு சுற்று, ஒரு வெடி.

அதாவது எஞ்சினின் அடிப்பெட்டி ஒரு சைக்கிள் பம்ப். வாஷர் காய்ந்த பம்பை எவ்வளவு அடித்தாலும் டயருக்குக் காற்று ஏறாது. அதே போல இந்தப் பெட்டியில் எங்கேயாவது ஒழுகினால், மேலே புது பிஸ்டன் போட்டிருந்தாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. கராஜ்களில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். எல்லோரும் மேலே பார்க்கிறார்கள், கீழே யாரும் குனிவதில்லை.

இந்த ஏற்பாட்டை 1890களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜோசப் டே என்பவர் கொண்டுவந்தார். ஜெர்மனியில் உருவான டிகேடபிள்யூ ஆர்டி 125 என்ற பைக்கின் வடிவமைப்பை வைத்துத்தான் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தின் பிஎஸ்ஏ பான்டம் 1948இலும், யமஹாவின் முதல் பைக்கான ஒய்ஏ-1 1955இலும் வந்தன. ஆகவே உங்கள் வீட்டில் கிடப்பது பான்டமோ, யமஹா ஆர்எக்ஸ் 100ஓ, என்னுடையது போல ஏஎக்ஸ்ஸோ, மூச்சு விடும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஓயில் விஷயமும் இதிலிருந்து விளங்கும். பெட்டி வழியாகக் காற்று போய்வருவதால் அங்கே ஓயிலைத் தேக்க முடியாது. அது பெட்ரோலோடு சேர்ந்து வந்து, கிராங்க் பெயரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, எரிந்து புகையாகப் போகவேண்டும். பழைய வண்டிகளில் டேங்கிலேயே கலப்பார்கள். பிறகு வந்தவற்றில் தனி ஓயில் டேங்கும் சின்ன பம்பும் உண்டு, ஆனால் அந்தப் பம்பை நம்பாமல் கழற்றிவிட்டுக் கையால் கலக்கிறவர்கள் நிறையப் பேர். கணக்கு சுலபம். 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஓயில், அதாவது 25க்கு 1 என்றால், பெட்ரோல் லீற்றருக்கு ஓயில் 40 மில்லிலீற்றர், 40க்கு 1 என்றால் 25, 50க்கு 1 என்றால் 20. பழைய கையேட்டில் 20க்கு 1 என்று போட்டிருந்தால் அது அந்தக் காலத்து ஓயிலை வைத்துச் சொன்னது. டூ ஸ்ட்ரோக்குக்கென்றே வரும் இன்றைய டூ-டி ஓயிலில் அவ்வளவு தேவையில்லை. மேடு அதிகம் ஏறுவதால் நான் 30க்கு 1 வைத்திருக்கிறேன். கார் எஞ்சினுக்கு ஊற்றும் ஓயிலை மட்டும் ஊற்றாதீர்கள், அது எரிந்தால் சாம்பல் மிஞ்சும்.

"ஓயில் கூட இருந்தா எஞ்சினுக்கு நல்லதுதானே" என்று ஒரு பேச்சு உண்டு. யோசித்துப் பாருங்கள். காபரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் துண்டுக்கு ஜெட் என்று பெயர். அதன் ஓட்டை அதே அளவுதான். அந்த ஓட்டை வழியே போகும் திரவத்தில் ஓயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது. பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும். பாதுகாப்புக்கு என்று ஊற்றிய ஓயில் ஒரு பக்கம் சூட்டைக் கூட்டி, மறு பக்கம் சைலன்சரில் கரியை ஏற்றும்.

பிளக்கைக் கழற்றுங்கள்

எதைத் திறப்பதற்கும் முன்னால் பிளக்கைப் பாருங்கள். ஒரு நல்ல மேடு ஏறி முடித்ததும், ஐடிலில், அதாவது அக்சிலேட்டர் கொடுக்காமல் சும்மா ஓட, விடாமல், அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் கழற்றவேண்டும். ஐடிலில் ஐந்து நிமிடம் நின்ற வண்டியின் பிளக் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. நடுவிலுள்ள வெள்ளைப் பீங்கான் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஓயிலோ கூடுகிறது. வெள்ளை வெளேரென்று இருந்தால், அதுதான் பயப்படவேண்டிய நிறம். கலவையில் காற்று கூடிவிட்டது, பிஸ்டன் வேகிறது. புகை அடிக்கிற வண்டியைப் பார்த்துத்தான் ஆட்கள் கவலைப்படுகிறார்கள். புகையே இல்லாமல் "சுத்தமாக" ஓடும் வெள்ளைப் பிளக் வண்டிதான் நடுரோட்டில் சிக்கி நிற்கும்.

பொறி வருகிறதா என்று பார்ப்பது எல்லோரும் அறிந்ததுதான். பிளக்கைத் தொப்பியில் செருகி, உலோகப் பகுதியை எஞ்சினில் படவைத்து, கிக் அடித்துப் பார்ப்பது. பிளக் துவாரத்திலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள், அங்கிருந்து வருவது பெட்ரோல் ஆவி. பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். பொறி வரும் நேரத்தைத் தொட்டு விலகித் தீர்மானிக்கும் பாயிண்ட் உள்ள பழைய வண்டி என்றால், பாயிண்டின் இடைவெளி 0.3 முதல் 0.4. நானுஓயாப் பக்கத்து மூடுபனியில் மட்டும் நின்று நின்று ஓடுகிற வண்டியாக இருந்தால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். கொயில் வயர் வெடித்திருந்தால் அந்த இடத்தில் நீலமாக மினுங்கும்.

பெட்ரோல் பக்கமும் இப்படிச் சட்டென்று பார்த்துவிடலாம். பதினைந்து நிமிடம் ஓடி நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்றால் டேங்க் மூடியின் காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் பெட்ரோல் கீழே இறங்காது. சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால், ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் அடைத்திருக்கும். 2022இல் பெட்ரோல் ஷெட்டில் வரிசை வரிசையாக நின்ற காலத்தில் மூலையில் தள்ளிவிடப்பட்ட வண்டிகள் பலவற்றுக்கு இதே நோய்தான். காபரேட்டரில் நின்ற பெட்ரோல் காய்ந்து, ஓயில் மட்டும் பிசினாகப் படிந்துவிடும். பித்தளை ஜெட்டைக் கம்பியால் குத்த வேண்டாம், துவாரம் பெரிதாகிவிடும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்று அடித்தால் போதும். டூத்பிரஷ் நாரும் உதவும்.

இரண்டு சீல், இரண்டு நோய்

பொறி வருகிறது, பெட்ரோல் வருகிறது, கிக் அடித்தால் காலில் நல்ல எதிர்ப்பும் தெரிகிறது. ஆனாலும் வண்டி சரியில்லை. இங்கேதான் மூச்சுக் கதை வருகிறது.

கிராங்க் தண்டின் இரண்டு முனைகளும் பெட்டிக்கு வெளியே வரவேண்டும். ஒரு பக்கம் பொறிக்கு மின்சாரம் தரும் மெக்னட், மறு பக்கம் கிளட்சும் கியர் பெட்டியும். தண்டு வெளியே வரும் இடத்தில் காற்று ஒழுகாமல் இருக்க ஒவ்வொரு பக்கமும் ஒரு ரப்பர் சீல். இந்த இரண்டு சீல்களும்தான் நம் பம்பின் வாஷர். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அவை ஓயிலில் நனைந்தே இருக்கும். வருடக்கணக்கில் சும்மா நின்றால் உதடு காய்ந்து கட்டியாகிவிடும். குறைந்த கிலோமீற்றர் ஓடிய வண்டி என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

மெக்னட் பக்கச் சீல் போனால் அங்கே வெளிக்காற்று உள்ளே இழுபடும். காபரேட்டர் சரியாகக் கலந்து அனுப்பினாலும் உள்ளே போனபின் காற்று கூடிவிடும். அடையாளம் என்ன? அக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் உடனே இறங்காது, தொங்கிக்கொண்டு நிற்கும். ஐடில் ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும், எத்தனை தடவை ஸ்க்ரூ திருப்பினாலும் நிற்காது. பிளக் வெள்ளை.

கிளட்ச் பக்கச் சீல் போனால் நோய் நேர்மாறு. பிஸ்டன் ஏறும்போது கியர் ஓயிலை உறிஞ்சி எடுக்கும். வண்டி சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை நிற்கவே நிற்காது, பிளக் ஓயிலில் குளித்திருக்கும். வெளியே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லாமலே கியர் ஓயில் குறைந்துகொண்டு போகும். சில வண்டிகளில் கியர் ஓயிலை முகர்ந்தால் பெட்ரோல் வாசமும் அடிக்கும், இறங்கும் பிஸ்டன் கலவையை அந்தப் பக்கம் தள்ளிவிடுவதால்.

என் வண்டிக்கு இருந்தது இந்த இரண்டாவது நோய். ஒரு கராஜில் ரிங் போய்விட்டது என்று சொல்லி போர் பண்ணி, புது பிஸ்டன் போட்டுத் தந்தார்கள். புகை அப்படியே இருந்தது. "ஓடி ஓடி சரியாகும்" என்றார்கள். இரண்டு கிழமை ஓடியும் சரியாகவில்லை, கியர் ஓயில்தான் கால்வாசி காணாமல் போயிருந்தது. பிறகு மாற்றியது உள்ளங்கையில் வைத்தால் தெரியாத அளவு ஒரு ரப்பர் வளையம். மெக்னட் பக்கச் சீலைப் பெரும்பாலும் எஞ்சினைப் பிரிக்காமலே மாற்றலாம். கிளட்ச் பக்கம் வண்டிக்கு வண்டி வேறுபடும். சிலவற்றில் கிளட்சைக் கழற்றினால் போதும், சிலவற்றில் பெட்டியையே பிளக்க வேண்டும். வேலை தொடங்குமுன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒழுக்கு இருக்கிறதா என்று ஊகிக்காமல் சோதித்தே பார்க்கலாம். காபரேட்டரையும் சைலன்சரையும் கழற்றி, இரண்டு வாய்களையும் ரப்பர் துண்டும் தகடும் வைத்து அடைக்கவேண்டும். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துவாரம் வழியாக ஒரு குழாயைக் காற்றுப் போகாமல் பொருத்தி, மெதுவாகக் காற்று ஏற்றவேண்டும். வேண்டியது சதுர அங்குலத்துக்கு 5 அல்லது 6 இறாத்தல் அமுக்கம் மட்டும். கம்ப்ரசரால் அடித்தால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். நான் பாவித்தது வீட்டில் கிடந்த பழைய இரத்த பிரஷர் பார்க்கும் கருவி, கையால் அமுக்குகிற ரப்பர் பந்தோடு உள்ளது. அதில் 250 முதல் 300 வரை ஏற்றினால் ஏறக்குறைய அதே அளவு. நல்ல பெட்டி என்றால் முள் ஐந்து நிமிடம் பெரிதாக அசையாது. இறங்கினால் சவர்க்காரத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள், குமிழி விடும் இடம் காட்டிக்கொடுக்கும். சில நேரம் குற்றவாளி சீலாக இருக்காது, சிலிண்டருக்கு அடியில் இணைப்பை அடைக்கும் கேஸ்கட்டாக இருக்கும். காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்திருக்கிறதா என்று தனியாக வளைத்துப் பாருங்கள்.

நுவரெலியாவின் காற்று

சரி, சீலும் நன்று. கொழும்பில் நன்றாக ஓடிய வண்டி மேலே வந்ததும் முனகுகிறது. இதில் பழுதே இல்லாமலும் இருக்கலாம்.

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1270 மீற்றர், நுவரெலியா சுமார் 1870. உயரப் போகப் போக காற்று ஐதாகும். நுவரெலியாவில் ஒரு தடவை இழுக்கும் மூச்சில், கொழும்பை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு காற்று குறைவு. குளிர் கொஞ்சம் ஈடுகட்டுவதால்தான் இவ்வளவோடு நிற்கிறது. காற்று குறைந்தால் வலுவும் குறையும். 100 சிசி வண்டி அங்கே 85 சிசி வண்டி போல இழுத்தால் அது இயற்கை. அதற்காக போர் பண்ணி ஒரு பயனும் இல்லை.

ஆனால் காபரேட்டருக்கு உயரம் தெரியாது. காற்று குறைந்த அளவுக்கு அது பெட்ரோலைக் குறைப்பதில்லை. அதனால் மேலே வந்ததும் கலவையில் பெட்ரோல் கூடிவிடுகிறது. கறுத்த பிளக், புகை, முழு அக்சிலேட்டரில் "படபட" என்று தடுமாறும் ஒரு சத்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கவேண்டிய எஞ்சின் ஒன்று விட்டு ஒன்று வெடிக்கும் சத்தம் அது. ஃபோர் ஸ்ட்ரோக் அடிக்கிறது என்று கராஜ் பாஸ்மார் சொல்வது இதைத்தான். முதலில் ஏர் ஃபில்டரைக் கழுவுங்கள். அப்புறம் காபரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள், ஊசி தாழ்ந்து பெட்ரோல் குறையும். முழு இழுப்பிலும் தடுமாறினால் மெயின் ஜெட்டில் ஒரு அளவு கீழே இறங்கலாம், உதாரணமாக 100 இருந்த இடத்தில் 95. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே மேட்டில் ஏறி, பிளக்கைப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

தோட்டத்து ரோடுகளில் இரண்டாம் கியரிலேயே உருளும் வண்டிகளுக்கு சைலன்சரும் கரியால் அடைபடும். வால் பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே சத்தத்தை அடக்கும் பேஃபிள் குழாய் வெளியே வரும், அதை நெருப்பில் சுட்டுக் கம்பி பிரஷ் போடுங்கள். பத்து வருடம் கழற்றாத ஒன்றை நான் விறகடுப்பில் போட்டேன். அம்மா அன்றைக்குச் சமைக்க விடவில்லை.

இறக்கம்தான் ஆபத்து

ஏற்றத்தில் எஞ்சின் முனகும், நாம் கவனிப்போம். இறக்கத்தில் அது சத்தமில்லாமல் கெடும். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வந்தால் ஆயிரத்து இருநூறு மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். கியரில் போட்டு, அக்சிலேட்டரை மூடி, எஞ்சின் பிடிப்பில் இறங்குவது ஃபோர் ஸ்ட்ரோக்காரருக்குச் சரி. டூ ஸ்ட்ரோக்கில் அக்சிலேட்டர் மூடினால் பெட்ரோல் வெகுவாகக் குறையும், அதோடு கலந்து வரும் ஓயிலும் குறையும். எஞ்சினோ சக்கரம் இழுக்கிற வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். சுவீடனின் சாப் கம்பனி டூ ஸ்ட்ரோக் கார் செய்த காலத்தில், இறக்கத்தில் எஞ்சின் தனியாகக் கழன்றுகொள்ள ஒரு ஏற்பாடே வைத்திருந்தது. தனி ஓயில் பம்ப் வேலை செய்யும் வண்டியில் ஆபத்து குறைவு, ஆனாலும் அக்சிலேட்டர் மூடியிருக்கும்போது பம்பும் சிக்கனமாகத்தான் விடும். அதற்காக நியூட்ரலில் விட்டுவிடவும் கூடாது, பழைய டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது. கியரிலேயே இறங்குங்கள். இரண்டு மூன்று வளைவுக்கு ஒரு தடவை கிளட்சைப் பிடித்து ஒரு சின்ன ரேஸ் கொடுங்கள். அந்த ஒரு வாய் கலவை போதும்.

மேலே 95 ஜெட் போட்டவர்கள் கொழும்புக்கு அப்படியே இறங்கினால் கீழே கலவையில் பெட்ரோல் போதாது. அவிசாவளை தாண்டி நேர் ரோட்டில் முறுக்கும்போது பிஸ்டன் சிக்கும். என் 100 ஜெட் ஒரு நெருப்புப் பெட்டிக்குள் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இறங்குகிற நாளில் கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது அதை மாற்றிவிடுவேன். பெட்ரோல் டேப்பை மூடி, காபரேட்டர் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டை மாற்றி மூட பத்து நிமிடம். கிண்ணத்து கேஸ்கட் பிய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போது அது கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை.